பத்துக்குப் பத்து

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் காதால் கெட்டவன். எப்படி என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்குக் காது இருக்கிறது. எனக்கு இருக்கிறதா இல்லையா என்பதில்தான் எங்கள் வீட்டில் வழக்கே நடந்தது. தீர்ப்பும் வந்தாயிற்று. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் படித்துவிட்டுத்தான் குடிக்கிறேன்.

எல்லாம் ஒரு சபதத்தில் ஆரம்பித்தது. "இந்த ரூமிலிருந்து ஒரு தலையணைகூட நகராது!" என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே, வாயில் நுரையோடு சபதம் செய்தேன். நுரையோடு செய்த சபதம் நுரை மாதிரிதான் போகும் என்று யாராவது அப்போதே எச்சரித்திருக்கலாம். வீட்டில் இருந்தது என் மனைவி மட்டும்தான். அவள் எச்சரிக்கிற ரகம் இல்லை.

அறை என்றால் பெரிய மாளிகை அறை இல்லை. பத்தடிக்குப் பத்தடி. அதற்குள் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு பிளேயர், ஒரே ஒரு நாற்காலி. ஸ்பீக்கர்கள் இரண்டும் நாற்காலியும் சரியான முக்கோணத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தேன். எதிரொலி வராமல் இருக்க மூலைக்கு இரண்டு தலையணை.

"தலையணைங்க எல்லாம் என்ன தப்பு பண்ணுச்சு? மூலைக்கு மூலை நிக்க வெச்சிருக்கீங்க?" என்று மனைவி ஒரு தடவை கேட்டாள்.

"சத்தத்தை உறிஞ்சுது."

"அப்ப நம்ம கட்டில்ல ரெண்டு போடுங்க. உங்க குறட்டையை உறிஞ்சட்டும்."

இப்படிப்பட்டவளிடம் ஹை-ரெஸ் தட்டைப் பற்றி விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களுக்காவது விளக்குகிறேன். பார்க்க சாதாரண சிடி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரே தட்டில் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் எல்லோரும் கேட்கிற சாதாரணப் பதிவு. மேல் அடுக்கில் அதே பாட்டு, இழை இழையாக, மயிரிழை பிசகாமல். எந்த அடுக்கைப் பாட வைப்பது என்பதற்கு ரிமோட்டில் ஒரு பட்டன். மேல் அடுக்கு பாடும்போது பிளேயரின் நெற்றியில் ஒரு நீல விளக்கு எரியும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் தட்டுக்கடைக்காரர். நாங்கள் அவரைப் பாம்புச்செவி என்போம். பக்கத்துத் தெருவில் ஊசி விழுந்தாலும் அது தையல் ஊசியா போடுகிற ஊசியா என்று சொல்லக்கூடிய மனிதர். அவர்தான் கடைசியாகக் குரலைத் தாழ்த்தி ஒரு ரகசியம் சொன்னார். "தம்பி, இந்தக் குட்டிக் குட்டி விளக்கெல்லாம் சத்தத்தைக் கெடுக்கும். எல்லாத்து மேலயும் கறுப்பு டேப் ஒட்டிடுங்க."

ஒட்டினேன். பிளேயர் வந்த அன்றே, பெட்டியைப் பிரித்த கையோடு, ஒரு விளக்கு விடாமல் ஒட்டினேன். அதற்குப் பிறகுதான் ரிமோட்டை எடுத்து அந்தப் பட்டனை பயபக்தியோடு ஒரு தடவை அமுக்கினேன். அன்றிலிருந்து நாலு மாதம், என் காதில் மேல் அடுக்கு தவிர வேறில்லை.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

"அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை கண் ஆபரேஷன்," என்றாள் மனைவி.

"நல்லபடியா முடியட்டும்."

"முடிஞ்சதும் ஒரு மாசம் இங்கதான் இருப்பாரு."

"தாராளமா இருக்கட்டும். நம்ம வீடு அவர் வீடு."

"இந்த ரூம்லதான்."

நுரையில் பாதியை விழுங்கிவிட்டேன். மீதியில்தான் சபதம் செய்தேன்.

அவள் கோபப்படவில்லை. அவள் கோபப்படாதபோதுதான் நான் பயப்பட வேண்டும்; ஆறு வருடத்தில் இதுகூடப் படிக்கவில்லை நான். "சரி. அப்ப நம்ம ரூமை அவருக்குக் குடுத்துட்டு, நாம பின்னாடி சாமான் ரூம்ல படுத்துக்கலாம். டின்னுங்களுக்கு நடுவுல. ஆனா ஒரு நாளைக்கு ஆறு தடவை அவருக்குச் சொட்டு மருந்து விடணும். நான் ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன். நீங்கதானே வீட்டுல இருக்கீங்க?"

நான் வீட்டில்தான் இருக்கிறேன். அச்சகத்துக்குப் பிழை திருத்துகிற வேலை. பக்கங்களை வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். பாதி வேலை, பாதி பாட்டு என்று பொழுது அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஆறு தடவை சொட்டு மருந்தா?

"விட்டா போச்சு," என்றேன். "ஆனா ஒண்ணு. நான் அந்த ரூம்ல கதவை மூடிட்டு உக்காந்தா வெளிய ஒரு சத்தமும் கேக்காதே. மாமா பாவம், தொண்டை வத்தக் கத்துவாரு. யாரையாவது வேற ஆளை..."

"கேக்காது?"

"கேக்காது."

"போன வாரம் பால் பொங்கி அடுப்பு அணைஞ்சது?"

"கேக்கல."

"கேஸ்காரர் கால் மணி நேரம் பெல் அடிச்சிட்டுத் திரும்பிப் போனது?"

"கேக்கல."

"நான் மார்க்கெட் போகச் சொன்னது?"

"சொன்னியா?"

"ஆனா அந்தத் தட்டுல வயலின் வாசிக்கிறவரு மூச்சு விடுறது கேக்குது."

"அது ஹை-ரெஸ்!" என்றேன் பெருமையாக. "சாதாரணக் காதுக்குக் கேக்காது. மேல் அடுக்கு எது, கீழ் அடுக்கு எதுன்னு கண்ணைக் கட்டிட்டுக்கூட நான் சொல்லுவேன்!"

நுணல் கத்திவிட்டது. பாம்பு திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். என் மனைவி வேலை பார்ப்பது காது ஆஸ்பத்திரியில். காது கேட்கிறதா என்று சோதிக்கிற வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, 'சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள்' என்பாள். தினமும் முப்பது பேர். கேட்காததைக் கேட்டது என்கிறவர்கள், கேட்டதைக் கேட்கவில்லை என்கிறவர்கள், இரண்டு சாதியையும் கரைத்துக் குடித்தவள். அவளிடம் போய் நான் காதைப் பற்றிச் சவால் விட்டிருக்கிறேன்.

"பத்து தடவை போடுவேன்," என்றாள். "எட்டு சரியாச் சொல்லுங்க. இந்த ரூம் பக்கமே யாரும் வர மாட்டோம். தப்பாச் சொன்னா ரூம் அப்பாவுக்கு."

"எட்டு என்ன எட்டு, பத்தும் சொல்றேன்!"

புதன்கிழமை சாயங்காலம் சோதனை. சாட்சிக்கு மாடிவீட்டு லாரி டிரைவர் அண்ணனைக் கூப்பிட்டு வந்தாள். இருபது வருடம் இன்ஜின் சத்தத்தில் உட்கார்ந்தவர். பக்கத்தில் இருப்பவரிடமும் அடுத்த லாரிக்காரரிடம் பேசுவது மாதிரிதான் பேசுவார்.

"என்ன தம்பி! பரீட்சையாமே!"

"மெதுவாண்ணே. தலையணை பயந்துக்கும்."

என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் கண்ணில் துண்டைக் கட்டினாள். ரிமோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். "ஒவ்வொரு தடவையும் அதே பாட்டை முதல்ல இருந்து போடுவேன். அடுக்கு மாத்தினாலும் மாத்துவேன், மாத்தாமலும் இருப்பேன். கேட்டுட்டு மேலா கீழான்னு சொல்லுங்க."

முதல் தடவை. வயலின் எழுந்தது.

"மேல்!" என்றேன். "வில்லுல இருக்கிற முடியை ஒண்ணொண்ணா எண்ணலாம்."

டிக் என்று பேனா சத்தம். இரண்டாவது.

"கீழ்! ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு."

டிக். டிரைவர் அண்ணன் இருமினார்.

"மேல்! ஜலதோஷம் போயிடுச்சு பாரு."

டிக். இருமல்.

"இதுவும் மேல். ஆகா, அவரு மூச்சு விடுறாரு!"

டிக். அண்ணனுக்கு இப்போது இருமல் தாங்கவில்லை. "தூசிண்ணே," என்றாள் மனைவி. "தண்ணி குடிச்சிட்டு வாங்க." அவர் சமையலறைக்கு ஓடி, அங்கே போய் வெகுநேரம் இருமினார்.

ஐந்து, ஆறு, ஏழு. கீழ், கீழ், மேல். எட்டாவதில் எனக்கே கொஞ்சம் குழப்பம். ஆனால் குழப்பத்தைக் காட்டலாமா? "கீழ்!" என்று ஓங்கிச் சொன்னேன். ஓங்கிச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒன்பது மேல். பத்து கீழ்.

துண்டை அவிழ்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தை நீட்டினாள்.

பத்துக்குப் பத்து.

நான் எழுந்து அண்ணன் கையைக் குலுக்கினேன். என் கையை நானே குலுக்கிக்கொண்டேன். "பாத்தியா? பாத்தியா?" என்று அவளைச் சுற்றி வந்தேன். சாக்பீஸ் கோடு பாதி அழிந்துபோனது. அதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

"உண்மையிலேயே ஒத்துக்கிறேங்க," என்றாள். எத்தனை வருடமாக நான் ஏங்கிய வார்த்தை! "முறையா எழுதி வெச்சிடலாம். எங்க ஆஸ்பத்திரி மாதிரியே."

காகிதத்தின் அடிப்பாகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தாள்: 'இடது காது, மிக நன்று. வலது காது, மிக நன்று. இவர் எந்த அறையில் இருந்தாலும் கதவு மூடியிருந்தாலும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் மிக நுண்ணிய சத்தமும் இவருக்குத் தெளிவாகக் கேட்கும்.'

நான் தொழில் தெரிந்தவன். சும்மா கையெழுத்துப் போடுவேனா? வரி வரியாகப் படித்தேன். 'இருந்தாலும்' என்பதற்குப் பிறகு ஒரு கால்புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டேன். 'மூடியிருந்தாலும்' என்பதற்குப் பிறகு இன்னொன்று. அதையும் போட்டேன். பிழையே இல்லாமல் செய்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அண்ணனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது. இருமலினால் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு சின்ன வெண்கல மணி.

மாமா ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருடம் மணி அடித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அடிக்க மணி இல்லாமல் அவர் கை துருதுருத்துக்கொண்டே இருந்தது என்று காலமாவதற்கு முன் மாமியாரே சொல்லியிருக்கிறார். அவருக்கு என் மனைவி மணி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

"டாக்டர் கத்தக் கூடாதுன்னுட்டாரு மாப்பிள்ளை. அதான் மணி. ஒண்ணு அடிச்சா சொட்டு மருந்து. ரெண்டு அடிச்சா தண்ணி. மூணு அடிச்சா பேச்சுத்துணை. விடாம அடிச்சா லாங் பெல்."

"லாங் பெல்லுக்கு என்ன மாமா?"

"அது இன்னும் யோசிக்கல. வெச்சுக்குவோம்."

சனிக்கிழமையே பாட்டைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். வயலின் மெல்ல இறங்கி, இறங்கி, ஒரு நூல் அளவுக்கு மெலிந்து, அப்படியே மூச்சைப் பிடித்து...

டங்.

சொட்டு மருந்து விட்டேன். திரும்ப வந்தேன். முதலிலிருந்து போட்டேன். வயலின் இறங்கி, மெலிந்து...

டங் டங்.

தண்ணீர். பிறகு டங் டங் டங். பேச்சுத்துணை என்றால் சும்மா இல்லை. முப்பத்தைந்து வருடத்தில் எந்தெந்த வகுப்பு எந்த மணிக்கு எப்படி ஓடியது என்கிற வரலாறு. அதுவும் அடுக்கு அடுக்காக.

திங்கட்கிழமை ஒரு தந்திரம் செய்தேன். மூன்று தடவை மணி அடித்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் மனைவி வந்தாள்.

"அப்பா மூணு அடிச்சாராமே?"

"கேக்கலம்மா. கதவு மூடியிருந்துச்சு."

என் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்தினாள். அதில் ஒட்டியிருந்த காகிதத்தில் 'கதவு மூடியிருந்தாலும்,' என்று இருந்தது. பக்கத்தில் நான் போட்ட கால்புள்ளி, நல்ல கறுப்பு மையில், என்னைப் பார்த்துக் கண்ணடித்தது.

"பத்துக்குப் பத்து," என்றாள்.

புதன்கிழமைக்குள் நான் பாதியாகிவிட்டேன். தூக்கம் டின்களுக்கு நடுவில். புரண்டால் தலையில் மூடி விழும். பகலெல்லாம் மணி. நாலு நாளில் ஒரு பாட்டு முழுசாகக் கேட்கவில்லை. அறை இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, நான்தான் அதில் இல்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அறையைக் காப்பாற்றப் போய் ஆளையே இழந்துகொண்டிருக்கிறேன். இந்தக் காதுதானே வினை? காதைக் கழற்றி வைத்துவிட்டால்?

"உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும்," என்றேன்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு நான் சொன்னதெல்லாம்... குத்துமதிப்பு."

"பத்துமா?"

"பத்தும்."

"மேல் அடுக்கு, கீழ் அடுக்கு வித்தியாசம்?"

"தெரியாது."

"வயலின்காரர் மூச்சு?"

கொஞ்சம் வலித்தது. "அதுவும் கேக்கல."

"அப்ப ரூம்?"

"மாமாவே வெச்சுக்கட்டும்."

"எழுதிக் குடுங்க," என்று தட்டுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை உருவினாள். எழுதியே வைத்திருந்தாள். 'எனக்கு மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிந்ததாக இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன்.' தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். அதில் பிழை எதுவும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். பழைய காகிதத்தை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜில் இதை ஒட்டினாள்.

மறுநாள் மாமா என் அறைக்கு வந்தார். மூலையிலிருந்த தலையணைகள் எட்டும் அவர் முதுகுக்கும் காலுக்கும் போயின. போகட்டும். மணியிலிருந்து விடுதலை அல்லவா? காது மந்தமானவனை யார் கூப்பிடுவார்கள்? பிழை திருத்தும் காகிதங்களை எடுத்துக்கொண்டு, காலியான எங்கள் படுக்கையறைக்குக் கிளம்பினேன்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி. "உங்க மேசையை அப்பா கட்டிலுக்குப் பக்கத்துல போட்டுட்டேன்."

"ஏன்?"

"காது சரியில்லாதவரைத் தூரத்துல வெச்சா எப்படிங்க? அப்பா அடிக்கிறது கேக்காதே. பக்கத்துலயே இருந்தா அவரு கையைத் தூக்கினதும் பாத்துக்கலாம். கண்ணு நல்லாத்தானே இருக்கு? வேணும்னா அதையும் ஒரு டெஸ்ட் பண்ணிடலாமா?"

வேண்டாம் என்றேன்.

அப்படியாக என் அறையில், என் நாற்காலியில், என் முக்கோணத்தின் நடுமுனையில் மாமா. ஓரத்தில், ஒரு முக்காலியில், பேனாவோடு நான்.

மூன்றாவது வாரம் மாமாவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்கள். புதுக்கண் வந்தவருக்கு எதுவும் தப்பவில்லை. சுவரில் விரிசல். ஜன்னலில் ஒட்டடை. என் காதோரம் நரைமுடி.

"மாப்பிள்ளை, இந்தப் பெட்டி நெத்தியில என்ன கறுப்பா?"

"டேப் மாமா. விளக்கு வெளிச்சம் பட்டா பாட்டுக் கெட்டுடும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் முப்பத்தைந்து வருடத்துக் கடைசி பெஞ்சுகள் எல்லாம் இருந்தன. நகத்தால் டேப்பை உரித்தார். "பாட்டு ஓடுது. விளக்கு எரியலையே? ஃபியூஸா?"

"எரியுமே. நீலமா..."

எரியவில்லை.

மாமா ரிமோட்டை எடுத்து ஒவ்வொரு பட்டனாக அமுக்கினார். சத்தம் கூடியது, குறைந்தது, பாட்டு மாறியது, திரும்ப வந்தது. பிறகு அந்தப் பட்டனை அமுக்கினார். பாட்டு ஒரு நொடி நின்றது.

பளிச்சென்று நீல விளக்கு எரிந்தது.

எனக்கு எல்லாம் விளங்கியது. பிளேயர் வரும்போதே மேல் அடுக்கில்தான் இருந்திருக்கிறது. நான் பயபக்தியோடு ஒரு தடவை அமுக்கிக் கீழே இறக்கியிருக்கிறேன். டேப் ஒட்டிய பிறகு. நாலு மாதத்துக்கு மேலாக நான் கண்ணை மூடிச் சொக்கிக் கிடந்ததெல்லாம் கீழ் அடுக்கு.

வயலின் எழுந்தது. ஐயோ, அது வேறு வயலின். சுவர் இருந்த இடத்தில் சுவர் இல்லை. அங்கே ஒருவர் நின்று வாசித்தார். மரம் அதிர்ந்தது. மெல்ல இறங்கி, மெலிந்து, நூலாகி, நின்ற இடத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மூச்சு விட்டார்.

வாசலில் மனைவி டீத்தம்ளர்களோடு நின்றிருந்தாள். நீல விளக்கைப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தூசி தட்டுறவளுக்குத் தெரியாதா? டேப்பு ஓரம் தூக்கிட்டு இருந்துச்சு. உள்ள விளக்கே எரியல. மாசமே ஆச்சு."

"அப்ப அன்னைக்கு டெஸ்ட்டுல..."

"அந்தப் பட்டனை நான் தொடவே இல்லைங்க. பத்து தடவையும் கீழ்தான்."

"பத்துக்குப் பத்துன்னு போட்டியே!"

"நீங்க அவ்வளவு ஆசையாச் சொன்னீங்க. தப்புன்னு எப்படிப் போடுறது?"

அண்ணனின் இருமல் இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மனிதர் அன்று சமையலறையில் தண்ணீரே குடிக்கவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். திறந்த வாசல் வழியாக அவளுக்குப் பின்னால் ஃபிரிட்ஜ் தெரிந்தது. ஃபிரிட்ஜில் காகிதம் தெரிந்தது. காகிதத்தில் என் கையெழுத்து.

"என்னங்க?" என்றாள், டீயை நீட்டிக்கொண்டே, வெகு சாதுவாக. "ஏதாவது வித்தியாசம் கேக்குதா?"

"இல்லை," என்றேன். "ஒண்ணும் கேக்கல."

மாமா மணியை எடுத்து மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே," என்றார். "எனக்கே கேக்குதே மாப்பிள்ளை."